காந்தத்துக்கு மசியாத டார்ச் வெளிச்சம்

பழைய டப்பா டிவி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத் திரையருகே கொண்டுபோனால் படம் கோணிக்கொள்ளும், முகங்கள் பச்சையும் ஊதாவுமாகும். (அப்புறம் வாங்கிய அடியும் மறந்திருக்காது, போன நிறம் லேசில் திரும்பாது.) அதே காந்தத்தை டார்ச் வெளிச்சத்தின் ஓரமாகப் பிடித்துப் பாருங்கள். ஒன்றும் ஆகாது.

பிக்சர் டியூபுக்குள் பாய்பவை எலக்ட்ரான்கள். மின்னூட்டம் இருப்பதால் மின்புலமும் காந்தப்புலமும் அவற்றைத் திருப்புகின்றன. ஒளித்துகளான ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது. ஒளியே மின்காந்த அலைதானே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் வெற்றிடத்தில் இரண்டு புலங்கள் சந்தித்தால் ஒன்றோடொன்று கூடும், அவ்வளவுதான். பிறகு அதனதன் வழியில் போய்விடும். கண்ணாடி போன்ற பொருள் நடுவில் இருந்தால் கதை வேறு: மின்புலம் அதன் ஒளிவிலகல் எண்ணை மாற்றும் என்று 1875-இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜான் கெர் கண்டுபிடித்தார்.

ஈர்ப்பு மின்னூட்டத்தைப் பார்ப்பதில்லை. நிறை காலத்தையும் வெளியையும் வளைக்கிறது. அதற்குள் போகிற எல்லாம் அந்த வளைவில்தான் போயாக வேண்டும். உங்கள் அறையில் கிடையாக விட்ட ஒளியும் கை நழுவிய கல்லைப் போல விழுகிறது. பத்து மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் மூன்று கோடியில் ஒரு பங்கு போதும். அதற்குள் விழுவது ஓர் அணுக்கருவின் அகல அளவுக்குத்தான்.

அளந்து பார்க்க சூரியன் வேண்டியிருந்தது. அதன் விளிம்பை உரசி வரும் நட்சத்திர ஒளி நியூட்டன் வழிக் கணக்கில் 0.87 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) விலகும். ஐன்ஸ்டைன் 1915-இல் சொன்னது 1.75: காலத்தின் வளைவால் பாதி, வெளியின் வளைவால் மறுபாதி. இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் பிடித்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்தான் அது! 1919 மே 29 முழு கிரகணத்தின்போது ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிபி தீவில் பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டனும், பிரேசிலின் சோப்ராலில் இன்னொரு குழுவும் சூரியனைச் சுற்றித் தெரிந்த நட்சத்திரங்களைப் படம்பிடித்தார்கள். பிரின்சிபியில் மேகம் படுத்தியது. கிடைத்த சில புகைப்படத் தட்டுகள் 1.61 என்றன, சோப்ராலின் நல்ல தட்டுகள் 1.98. இரண்டுமே நியூட்டனிடமிருந்து வெகு தூரம்.

சரி, வெற்றிடத்தில் ஒளியைத் திருப்ப மின்புலத்துக்கு வாய்ப்பே இல்லையா? புலம் அசுர பலத்தில் இருந்தால் ஒளி லேசாகத் தடுமாறும் என்று 1936-இல் ஜெர்மன் இயற்பியலாளர்கள் ஹைசன்பர்க்கும் ஹான்ஸ் ஆய்லரும் குவாண்டம் கணக்குப் போட்டார்கள். ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் ஆய்வு மையத்தில் ஈய அணுக்கருக்கள் மோதாமல் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போது, அவற்றின் புலங்களில் உள்ள ஃபோட்டான்கள் ஒன்றில் ஒன்று பட்டுச் சிதறுவதை அங்குள்ள அட்லஸ் ஆய்வுக் குழு 2019-இல் உறுதி செய்தது.