பாதுகாப்பா, பேணலா?

நகரத்துப் பழைய கட்டடங்களை என்ன செய்வது என்று பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். அறிவித்தலில் 'மரபுரிமைப் பாதுகாப்பு வலயம்' என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசித்துவிட்டு, "இன்னொரு சோதனைச்சாவடியா, தம்பி?" என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. இலங்கையில் பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது பாதுகாப்பு அமைச்சு. திருகோணமலையில் கேட்கவே வேண்டாம்.

மரபுரிமையோடு எனக்குப் பிணக்கில்லை. மரபாக வந்த உரிமை, நல்ல சொல். தமிழ்நாட்டாரின் 'பாரம்பரிய'த்தைவிடத் தெளிவு. பின்பாதிதான் உறுத்துகிறது. காப்பின் அடி 'கா': தீங்கு அண்டாமல் தடுப்பது. பேணுதல் வேறு: இருப்பதை நலியவிடாமல், விருப்போடு கவனிப்பது. 56ஆம் குறளில் பெண் தன்னையும் சொல்லையும் காக்கிறாள், கணவனைப் பேணுகிறாள். ஒன்றேமுக்கால் அடிக்குள் வள்ளுவர் பிரித்துக் காட்டியதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள். டிஃபென்ஸ், செக்யூரிட்டி, புரொடெக்‌ஷன், பிரிசர்வேஷன் நான்குக்கும் அவர்களிடம் இருப்பது ஒரே சொல்.

திருகோணமலையில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களால் கட்டிய கோட்டை. வாயிலில் இணைக்கயல் செதுக்கிய கல் இன்றும் நிற்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் எல்லோரும் அந்தக் கற்களைப் பாதுகாத்தார்கள், பீரங்கி வைத்தே பாதுகாத்தார்கள். பேணினார்கள் என்று யாராவது சொல்வார்களா?

'புனரமைப்பு' இன்னும் மோசம். புனர் என்றால் மறுபடி. மறுபடி அமைக்க முதலில் இடிக்க வேண்டுமே! வீதிக்கும் குளத்துக்கும் அது சரி. பழைய சுவரில் சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடத்தில் சீமெந்தை அப்புவது புனரமைப்பு. சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துக் கல்லையே அரிக்கும். மறுபடி சுண்ணாம்பே குழைத்துப் பூசுவது பேணல். சொல் பிழைத்தால் கொத்தனார் கையும் பிழைக்கிறது.

பேணல் இலக்கியச் சொல், அலுவலகத்துக்கு ஆகாது என்றார் கூட்டத்தில் ஒருவர். 'சுகாதாரம் பேணுவோம்' என்று சுவரெல்லாம் எழுதுகிறவர்கள் யாராம்? பேணி என்றால் நம்மூரில் தகரக் குவளை, பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றார் இன்னொருவர். சிரிக்கட்டும். சோதனைச்சாவடியைவிடத் தேநீர்ப் பேணி நினைவுக்கு வருவது நல்லதுதான்.

எழுதும்போது 'மரபுரிமை பேணல்' என்று எழுதுங்கள். இடையில் ஒற்று மிகாது.