ஏழாம் மாசமும் அதே சேர்தான்

போன மாசம் ஒரு பொண்ணு வந்தாங்க. பேங்க்ல கேஷ் கவுன்டர் வேலை, 30 வாரக் கர்ப்பம். ராத்திரி பொரண்டு படுத்தா இடுப்புக்குப் பின்னாடி ஒரு பக்கம் சுரீர்னு இழுக்குது, உயிரே போகுதுன்னு சொன்னாங்க. கூட வந்த மாமியார், "இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான், நாங்கல்லாம் அம்மில அரைச்சோம்"னாங்க. நான் பிசியோதெரபிஸ்ட், இந்த அம்மி கதையை வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கேக்குறேன். அரைச்சீங்கம்மா, ஆனா எட்டு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்தா அரைச்சீங்க?

மறுநாள் அவங்க சேரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பாத்தா எல்லாம் வெளங்கிருச்சு. கவுன்டர் உயரத்துக்காக சேரை ஏத்தி வெச்சதுல கால் தரையில எட்டல, தொங்குது. கைப்பிடி டேபிள் டிராயர்ல முட்டுறதால சேர் உள்ள போகவே மாட்டேங்குது, அதுக்கு மேல வயிறு வேற. அப்போ கீபோர்டு, நோட்டுக் கட்டு எது எடுக்கணும்னாலும் முதுகை முன்னாடி வளைச்சு எட்டித்தான் எடுக்கணும், அதுவும் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவைன்னு நினைச்சுப் பாருங்க.

கர்ப்பத்துல ரிலாக்ஸின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும், இடுப்பு எலும்புகளைக் கட்டி வெச்சிருக்கிற தசைநார் கொஞ்சம் இளகும். வயிறு முன்னாடி வர வர முதுகோட வளைவும் மாறும். நாலாம் மாசம் சரியா இருந்த சேர் எட்டாம் மாசம் சரியா இருக்காதுங்கறது இதனாலதான்.

செலவே இல்லாம மாத்துனோம். கைப்பிடியை அடியில இருக்கிற பட்டனை அமுக்கி இறக்குனா சேர் டேபிளுக்குள்ள போயிடுச்சு. காலுக்குக் கீழ ஏ4 பேப்பர் பண்டல் ரெண்டு. முழங்காலை விட இடுப்பு ஒரு விரக்கடை மேல இருக்கற மாதிரி பாத்துக்கணும், பண்டல் ரொம்ப உசரமாயிட்டா வயிறு அழுந்தும். முதுகுக்கு ஒரு டவலைச் சுருட்டி, முன்னாடி புடவை கொசுவம் சொருகுற இடத்துக்கு நேர் பின்னாடி வெச்சோம். ஆன்லைன்ல நடுவுல ஓட்டை வெச்ச குஷன் ஒண்ணு விக்கிறாங்களே, அதை வாங்கிட்டு வந்து காட்டுறவங்க நிறைய, எனக்கு அதுல பெரிசா நம்பிக்கை இல்ல.

டைல்ஸ் தரையில சக்கரம் வெச்ச சேர் வழுக்கும், அதனால உக்காரும்போது காலோட பின்பக்கம் சேர்ல பட்டுச்சான்னு பாத்துட்டு, கைப்பிடியைப் பிடிச்சுட்டு உக்காருங்க. எந்திரிக்கும்போது சேர் நுனிக்கு வந்து, பாதத்தைப் பின்னாடி இழுத்து, அப்புறம் எந்திரிங்க.

ஆனா எவ்ளோ நல்ல சேரா இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிக்கணும், அங்கதான் சிக்கலே. கவுன்டர்ல க்யூ நிக்குது, பாத்ரூம் மாடில, போயிட்டு வந்தா ஒரு பார்வை. அதுக்கு பயந்தே தண்ணி குடிக்கிறதைக் கொறைச்சிடறாங்க, அப்புறம் யூரின் இன்ஃபெக்‌ஷன்னு வந்து நிப்பாங்க. கர்ப்பத்துல அது சாதாரண விஷயம் இல்ல. மேனேஜர் யாராவது இதைப் படிச்சா, சேர் வாங்கித் தர்றதுக்கு முன்னாடி அந்த அஞ்சு நிமிஷத்தைக் குடுங்க சார்.

பிரசவ லீவுதான் இருக்கேம்பாங்க. 2017-ல அதை 26 வாரமா ஆக்குனாங்க, ஆனா அதுல டெலிவரிக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்க முடியும், அதையும் முக்காவாசிப் பேர் குழந்தை பொறந்தப்புறம் வேணும்னு சேத்து வெச்சுக்கறாங்க. அதனால ஒன்பதாம் மாசம் வரைக்கும் அதே சேர்லதான் பொழப்பு. துணிக்கடையில வேலை பாக்குறவங்களுக்கு அந்த சேரே இல்ல. உக்கார இடம் குடுக்கணும்னு 2018-ல கேரளாவும் 2021-ல தமிழ்நாடும் சட்டமே போட்டாச்சு, இன்னும் சில கடையில ஸ்டூல் மூலையில சும்மா கெடக்குறதைப் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, ரெண்டு காலும் சாயங்காலம் லேசா வீங்குறது வேற, ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சு சூடா இருக்கறது வேற. அப்படி ஒரு கால் மட்டும் வீங்குனாலோ, முகம், கை வீங்கி தலைவலியும் கண்ணு மங்கலும் வந்தாலோ சேரைக் குத்தம் சொல்லிட்டு இருக்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க.

அந்தப் பொண்ணு ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. வலி சுத்தமா போகல, ஆனா ராத்திரி திரும்பிப் படுக்க முடியுதுன்னாங்க. நடுவுல கால் வெக்கிற பண்டலை யாரோ பிரின்டருக்குப் பிரிச்சுட்டாங்களாம். இப்ப புதுசா ரெண்டு வாங்கி, டேப் சுத்தி மேல பேர் எழுதி வெச்சிருக்காங்க.