சைகோன் பேக்கரியில் நீர் பார்க்கும் வேலை

ஹோ சி மின் நகரத்தை அங்குள்ளவர்கள் இன்றும் பேச்சில் சைகோன் என்றே சொல்கிறார்கள். அந்நகரத்துப் பேக்கரி ஒன்றில் 'பான் மி' எனப்படும் சாண்ட்விச்சையும், பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் பச்சையும் மஞ்சளுமாக அடுக்கியிருக்கும் இனிப்பையும் அடுத்தடுத்துச் சாப்பிடுபவருக்கு, இரண்டிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான் என்பதை நம்பக் கடினமாக இருக்கும். முன்னது கடித்தவுடன் சடசடவென நொறுங்கி மடியெல்லாம் செதில்களாக உதிரும். பின்னதோ பல்லில் இழுபட்டு வழுக்கிக்கொண்டு போகும். ரொட்டியின் மேலோட்டிலிருந்து நீர் விரட்டப்படுகிறது, இனிப்பில் அது சிறைப்பிடிக்கப்படுகிறது என்பதே இந்த வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம்.

கோதுமை, தென் வியட்நாமின் பயிர் அன்று. 1859-இல் பிரெஞ்சுப் படை சைகோனைக் கைப்பற்றிய பிறகு, இறக்குமதி மாவை நம்பியே அங்கே நீண்ட பிரெஞ்சு ரொட்டி சுடப்பட்டது. வெண்ணெயும் இறைச்சியும் தட்டில் தனியே வைத்துச் சாப்பிடப்பட்ட அந்த ரொட்டி பின்னர் குட்டையானது, இலேசானது, எல்லாவற்றையும் தனக்குள்ளேயே வாங்கிக்கொண்டது. 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதியர் 1958-இல் தொடங்கிய ஹோவா மா என்ற கடை, இப்படித் திணித்த ரொட்டியைக் கையில் எடுத்துச் செல்லும்படி விற்ற முன்னோடிகளில் ஒன்று.

ரொட்டி இவ்வளவு இலேசாக இருப்பதற்கு அரிசி மாவு கலப்பதே காரணம் என்று பல சமையல் குறிப்புகள் சொல்கின்றன. இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கோதுமை மாவைப் பிசையும்போது அதன் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் மீள்தன்மை கொண்ட வலையாகின்றன. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது அந்த வலைதான். அரிசியில் குளூட்டன் இல்லாததால், அதைக் கூடுதலாகச் சேர்த்தால் வலை பலவீனமாகுமே தவிர ரொட்டி உப்பாது. பேக்கரிகள் நாடுவது வேறொரு பொருளை: நாம் வைட்டமின் சி என்று அறிந்த அஸ்கார்பிக் அமிலத்தை. மாவிலுள்ள நொதி ஒன்றும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து இதை மாற்றியமைக்க, அவ்வாறு உருமாறிய பொருள், புரதங்களுக்கு இடையேயுள்ள கந்தகப் பிணைப்புகளை அறுக்கக்கூடிய குளூட்டாதயோன் என்னும் சேர்மத்தைச் செயலிழக்கச் செய்கிறது. வலை உறுதியாகிறது, ஆகவே மாவை வழக்கத்தைவிட அதிகமாகப் பொங்கவிட்டாலும் அது அமுங்கிவிடுவதில்லை.

பொங்கிய மாவின் முதுகில் சவர பிளேடால் நீளமாக ஒரு கீறல் போட்டு, நன்கு சூடேறிய அடுப்புக்குள் தள்ளியதும் நீராவியைச் செலுத்துகிறார்கள். உலர வேண்டிய ரொட்டிக்கு நீராவி எதற்கு என்ற கேள்வி இங்கே எழும். நீராவி, குளிர்ந்திருக்கும் மாவின் மேல் படிந்து நீராகும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பத்தை ஒப்படைப்பதால் மாவு விரைவாகச் சூடேறுகிறது. அதே வேளையில் மேற்பரப்பு ஈரமாகவே இருப்பதால் அது இறுகிப் போகாமல், உள்ளே விரியும் வாயுவுக்கு இடங்கொடுத்து நீள்கிறது. 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஈஸ்ட் இறந்துவிடும். அதற்குப் பிறகும் கரைந்திருந்த வாயு வெளிவருவதாலும், ஆல்கஹாலும் நீரும் ஆவியாவதாலும் மாவு உப்பிக்கொண்டே போய்க் கீறல் வாயைப் பிளக்கிறது. மேற்பரப்பில் படிந்த நீரைக் குடித்த மாவுச்சத்து வெந்து மெல்லிய பளபளப்பான படலமாகிறது. இதன் பிறகே நீராவியைத் திறந்துவிட்டு, உலர்ந்த வெப்பத்தில் சுடுகிறார்கள். ரொட்டியின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. நீரை இழந்த மேலோடு மட்டும் அதைவிட மிகச் சூடாகிப் பழுப்பேறுகிறது.

அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் அருகே காதை வைத்தால் மெல்லிய வெடிப்பொலிகள் கேட்கும். ஈரப்பதம் வற்றிய மேலோடு இயற்பியலாளர் 'கண்ணாடி நிலை' என்று குறிப்பிடும் நிலையில் இருக்கிறது: மூலக்கூறுகள் நகர முடியாமல் உறைந்திருப்பதால், குளிர்ந்து சுருங்கும்போது அது வளையாமல் விரிசல் விடுகிறது, கடித்தாலும் அப்படியே உடைகிறது. ஆனால் உட்பகுதியின் ஈரம் மெல்ல வெளிநோக்கி நகரும். சைகோனின் புழுக்கமான காற்றிலிருந்தும் ஈரம் ஏறும். மூலக்கூறுகளுக்கு இடையே நீர் புகுந்ததும் அவை நகரத் தொடங்க, மழைக்காலத்து அப்பளத்தைப் போல ரொட்டியும் சில மணி நேரத்தில் நமத்துப்போகிறது. தெருவோரக் கடைக்காரர் உள்ளடக்கத்தை வைப்பதற்கு முன் ரொட்டியைக் கரியடுப்பில் காட்டுவது, அந்த நீரை மீண்டும் விரட்டுவதற்காகத்தான்.

உள்ளே பூசப்படும் முட்டை மஞ்சள் கரு–எண்ணெய்க் குழைவுக்கும் ஈரலை அரைத்துச் செய்யும் பாட்டே என்ற விழுதுக்கும் சுவையைத் தவிர இன்னொரு பணியும் உண்டு. கொழுப்பு நீரை ஏற்காதாகையால், காரட்–வெள்ளை முள்ளங்கி ஊறுகாயின் புளிநீர் ரொட்டிக்குள் இறங்குவதை அந்தப் பூச்சு தாமதப்படுத்துகிறது. ஊறுகாய்க்கு நறுக்கிய துண்டுகளில் முதலில் உப்பும் சர்க்கரையும் பிசிறி வைக்கிறார்கள். சவ்வூடுபரவலால் நீர் வெளியேறி, வளைத்தாலும் ஒடியாத அளவுக்கு அவை துவண்ட பிறகே வினிகரில் போடுகிறார்கள். காய்களின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் அமிலத்தில் எளிதில் சிதையாததால், துவண்ட பிறகும் அவை பல்லுக்குக் கறுக்கென்றே இருக்கும். புட்டியைத் திறந்தவுடன் வரும் நாற்றத்தைக் கண்டு கெட்டுவிட்டதென எறிந்துவிட வேண்டியதில்லை. நறுக்கிய முள்ளங்கியில் உண்டாகும் கந்தகச் சேர்மங்கள்தான் அதற்குக் காரணம்.

இனிப்புகளுக்கு வருவோம். 'பான் யா லன்' என்பது மரவள்ளி மாவு, அரிசி மாவு, தேங்காய்ப் பால், சர்க்கரை ஆகியவற்றைக் கரைத்து, பச்சை அடுக்கும் பாசிப்பருப்பு சேர்ந்த மஞ்சள் அடுக்குமாக மாறி மாறி ஆவியில் வேகவைப்பது. மரவள்ளி மாவுச்சத்தில் நேர்ச்சங்கிலியான அமைலோஸ் ஆறில் ஒரு பங்கு அளவே. மற்றது கிளைவிட்ட அமைலோபெக்டின். கிளைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிகமாவது கடினம் என்பதால், வெந்த கூழ் நீரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஒளி ஊடுருவும் மீள்தன்மையோடு நிற்கிறது. நம் ஜவ்வரிசி வெந்ததும் தெளிவாகிவிடுவதும் இதே மாவுச்சத்தின் குணம். ஓர் அடுக்கு இறுகும் முன் அடுத்ததை ஊற்றினால் நிறங்கள் கலந்துவிடும். ஊற்றிய இடத்தில் நீர்த்துளி நின்றால் அடுக்குகள் பிரிந்துவிடும். அதனால்தான் மூடியில் துணியைக் கட்டி, சொட்டும் நீரை ஏந்திக்கொள்கிறார்கள்.

ரொட்டி, இனிப்பு இரண்டையும் குளிர்பெட்டியில் வைப்பது தவறு. மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் அடுக்காகச் சேர்ந்து இறுகுவது, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மிக விரைவாக நடக்கிறது.

'பான் பொ நூங்' என்னும் தேன்கூட்டுக் கேக்கும் மரவள்ளி மாவில் செய்வதே. முட்டையை நுரைக்க அடிக்காமல் மெதுவாகக் கலந்து, வடிகட்டி, முன்னரே சூடாக்கிய அச்சில் ஊற்றுகிறார்கள். அடியிலிருந்து வெப்பம் ஏற, பேக்கிங் பவுடரின் வாயுக் குமிழிகள் நேர் மேலாக எழும்பிச் செல்லும் தடங்கள் அப்படியே வெந்து நிலைத்துவிடுகின்றன. வெட்டிய துண்டில் செங்குத்தான குழல்கள் தெரிந்தால் கைப்பக்குவம் சரி. வட்ட ஓட்டைகள் தெரிந்தால் முட்டையை அதிகமாக அடித்துவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

இவ்விரு இனிப்புகளுக்கும் நிறமும் மணமும் தருவது பாண்டன் இலை. இலங்கைச் சமையலறையில் ரம்பை எனப்படுவது இதுதான். அதன் மணத்துக்கு உரிய 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் சேர்மத்தை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் ரான் பட்டரியின் குழுவினர் மணமுள்ள அரிசியிலும் பாண்டன் இலையிலும் கண்டறிந்தனர். ஆயிரம் கோடி பங்கு நீரில் ஒரே ஒரு பங்கு இருந்தாலே அதை மூக்கு உணர்ந்துவிடும். அதே சேர்மம் கோதுமை ரொட்டியின் மேலோட்டிலும் உண்டு: அங்கே எந்த இலையும் இல்லை, அமினோ அமிலங்களும் சர்க்கரையின் சிதைவுப் பொருட்களும் சூட்டில் வினைபுரிந்து அதை உருவாக்குகின்றன. ரொட்டியில் அது நிலைப்பதில்லை. மேலோடு நமத்துப்போகும் அதே சில மணி நேரங்களில் மணமும் பெருமளவு குறைந்துவிடும். மறுபடி சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பும், இழந்த மணம் முழுமையாகத் திரும்பாது. இதனால்தான் காலையில் சுட்டதை மாலைவரை வைத்திருக்காமல் நாளுக்குப் பல முறை அடுப்பேற்றும் பேக்கரியைத் தேடிப் போவது பயனுள்ளது.