இன்சுலினை ஐஸ் தட்டில் வைக்காதீர்கள்

போன கிழமை கிளினிக்குக்கு வந்த அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சீனி 312. இரண்டு மாதத்துக்கு முன் 130 இல் நின்றவர். ஊசி ஒரு நாளும் தவறவில்லை என்றார். அளவைக் கூட்டப் பேனையைத் தூக்கிய பிறகுதான் போத்தலைக் கேட்டேன். கலங்கலாகவே வரும் மருந்து, உட்சுவரெங்கும் உப்புப் பூத்ததுபோல வெள்ளைத் துகள். உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டினாலும் கலக்கவில்லை.

"நல்லாக் குளிரட்டுமெண்டு ஐஸ் தட்டிலை வைச்சனான், டொக்டர்."

இந்த மாதம் இவர் நான்காவது ஆள்.

குளிர் கூடக்கூட மருந்து பழுதாகாதென்று யார் சொன்னது? மீனுக்குச் சரி. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். சரியான வடிவில் மடிந்து நின்றால்தான் வேலை செய்யும். உறைந்தால் கெட்டுவிடும், இளக வைத்தாலும் மீளாது. அவித்த முட்டையை ஆறவைத்தால் பச்சை முட்டையாகுமா? "இளகித் தண்ணிபோலக் கிடக்குதே" என்பீர்கள். தெளிந்த இன்சுலின் பழுதானாலும் தெளிவாகவே தெரியலாம். ஒருமுறை உறைந்தால் எறியுங்கள். காசைப் பார்க்காதீர்கள்.

முன்பு பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். மனித மரபணுவைப் பக்டீரியாவுக்குள் வைத்துச் செய்த இன்சுலின் 1982 இல் பாவனைக்கு வந்தது. பிறகு புரதத்தையே திருத்தினார்கள். நீண்டநேரம் வேலை செய்யும் கிளார்ஜின் என்ற இன்சுலினில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, இரண்டைச் சேர்த்திருக்கிறார்கள்; போத்தலில் தெளிவாக இருந்தாலும் தோலுக்கடியில் படிந்து மெல்லமெல்லக் கரையும். அதனால் "தெளிந்தது சாப்பாட்டுக்கு முன் போடுவது" என்ற பழைய கணக்கு இதற்குச் செல்லாது. ஒரே சிரிஞ்சில் இதோடு வேறு இன்சுலினைக் கலக்கவும் கூடாது.

திறக்காத போத்தல் பிரிட்ஜின் நடுத்தட்டில், 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்கட்டும். திறந்த திகதியை லேபிளில் எழுதுங்கள். பெரும்பாலானவற்றை 28 நாளுக்கு மேல் பாவிக்கக்கூடாது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு மண்பானைக்குள் இன்னொன்றை வைத்து, இடையில் ஈரமணல் போட்டு, நிழலில் வையுங்கள். போத்தல் நனையாமல் பொலித்தீன் பையில் இருக்கட்டும். கொழும்பு பஸ்ஸில் போகும்போது ஐஸோடு ஒட்டவிடாமல் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். கலங்கல் மருந்தை உருட்டுங்கள், குலுக்காதீர்கள்.

சீனி ஏறினால் நீங்களாக அலகைக் கூட்டாதீர்கள், தயவுசெய்து. பழுதான மருந்துக்குக் கூட்டிய அளவை நல்ல மருந்தில் போட்டால் விடியற்காலையில் சீனி விழுந்து நினைவு தப்பலாம். அந்த அம்மாவுக்கு நான் அளவைக் கூட்டவில்லை, புதுப் போத்தல் மட்டும் கொடுத்தேன். அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு போத்தலையும் கொண்டு வாருங்கள்.