பிக்கப் டிரக் டயர் அளவு: அமெரிக்க விதி என்ன சொல்கிறது, வாங்குபவருக்கு என்ன உரிமை

அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவர்கள் பலர் டயர் மாற்றப் போகும்போது 265/70ஆர்17 என்ற எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போகிறார்கள். அது போதாது. அதற்கு முன்னால் உள்ள எழுத்தையும் பின்னால் உள்ள எண்ணையும் பார்த்தால்தான் டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியும்.

அளவை முதலில் பார்த்துவிடுவோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்று அர்த்தம், அதாவது சுமார் 185 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், அதாவது டயரின் உள்கட்டமைப்பு வகை, 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் மொத்த உயரம் ஏறத்தாழ 803 மி.மீ. வரும். உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் தப்பாகிவிடும்.

இப்போது எழுத்துக்கு வருவோம். பி என்றிருந்தால் அது பயணிகள் கார் டயர், எல்டி என்றால் இலகு டிரக் டயர். பிக்கப்பில் பி டயர் போடலாம், தடையில்லை, ஆனால் பாரம் ஏற்றுவதும் கரடுமுரடான பாதையில் ஓட்டுவதும் பிக்கப்புக்குச் சகஜம் என்பதால் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி எண் 110 ஒரு கழிவு வைத்திருக்கிறது: டயரில் எழுதியுள்ள பாரத்தை 1.10-ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 113 என்ற பாரக் குறியீடு உள்ள டயர் 1150 கிலோ தாங்கும், பிக்கப்பில் மாட்டினால் அது சுமார் 1045 கிலோதான். அதே அளவில் எல்டி, லோட் ரேஞ்ச் ஈ (டயரின் பலத்தைக் காட்டும் எழுத்து) என்று வாங்கினால் பாரக் குறியீடு 121/118 என்று இருக்கும். 121 என்றால் 1450 கிலோ, பக்கத்தில் இருக்கும் 118 என்பது ஒரே பக்கம் இரண்டு டயர் சேர்த்து இரட்டைச் சக்கரமாக மாட்டும்போது ஒவ்வொரு டயருக்கும் உரிய குறியீடு. ஆனால் இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை, அந்த 1450 கிலோ 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றில் கிடைப்பது, பழைய பி டயருக்கு அடித்த 35 பிஎஸ்ஐயே எல்டிக்கும் போதும் என்று விட்டால் அது முன்பைவிடக் குறைவாகத்தான் தாங்கும்.

சரி, வண்டிக்கு எது பொருத்தம் என்று எங்கே பார்ப்பது? மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்கு, அதாவது 4536 கிலோவுக்கு மேற்படாத வண்டிகளில் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டும் என்பது விதி. கம்பெனியில் போட்ட டயர் அளவு, டயர் ஆறியிருக்கும்போது அடிக்க வேண்டிய காற்று, ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்பது எல்லாம் அதில் உண்டு. எவ்வளவு கனமான டயர் மாட்டினாலும் அந்தக் கடைசி எண் உயராது, ஏனென்றால் ஸ்பிரிங், அச்சு, பிரேக் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. டயர் மாற்றிவிட்டோமே என்று கூடுதலாக ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

டயரின் பக்கவாட்டில் டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம்) என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. முழு எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், காணவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள்.

அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் உரிமை. புது டயர் விற்கும் கடைக்காரர் பதிவுப் படிவம் தர வேண்டும் அல்லது தானே பதிய வேண்டும், இது சட்டம். அப்புறம் அந்த டயரில் குறை இருப்பதாகத் தெரிந்து நிறுவனம் திரும்பப் பெற்றால், அறிவிப்பு வரும்போது முதலில் வாங்கி ஐந்து ஆண்டு தாண்டாமல் இருந்தால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 180 நாளுக்குள் டயரைக் கொண்டுபோங்கள். பதியாத டயர் யாரிடம் இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரியாது, கடிதமும் வராது. அதனால் பில் போடும்போதே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.