பதற்றத்தில் சிறுமூளைக்கு என்ன வேலை?

மனப்பதற்றத்துக்குச் சிகிச்சை கேட்டு வருவோரில் சிலர், பயத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே தங்கள் நடையைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார்கள். நடந்தால் தள்ளுகிறது, கூட்டத்தில் நின்றால் தரை அசைகிறது, படியிறங்கும்போது கைப்பிடியை விட மனம் வரவில்லை என்பார்கள். காதைச் சோதித்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பப்பட்டவர்களும் இவர்களில் உண்டு. அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. உடலின் சமநிலையைக் கவனித்துக்கொள்ளும் சிறுமூளைக்கு, பயத்தின் அளவைச் சீர்செய்வதிலும் பங்கு இருக்கிறது.

பின்மண்டையின் அடியில் இருக்கும் இந்தப் பகுதி, மூளையின் பருமனில் ஏறத்தாழ 10 சதவீதம்தான். ஆனால், மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி இங்கேதான் உள்ளன. அடுத்த கணம் என்ன நடக்கும் என்று கணிப்பதும், நடந்தது கணிப்போடு பொருந்தாவிட்டால் அதைத் திருத்திக்கொள்வதும் இதன் வேலை. சிறுமூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து வெளியேறும் பர்கின்ஜி அணுக்கள் என்னும் பெரிய நரம்பணுக்களின் சமிக்ஞை எப்போதும் அடக்கும் சமிக்ஞையே; அது சிறுமூளையின் உள்ளிருக்கும் அணுக்கருக்களை (நரம்பணுத் திரள்களை) அடக்கியும் தளர்த்தியும் வைக்க, அந்த அணுக்கருக்கள் உடலின் தானியங்கி வேலைகளைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ், நடுமூளை ஆகியவற்றோடும், பயத்தின் மையமாக அறியப்படும் அமிக்டலாவோடும், நேரடியாகவோ இடைநிலையங்கள் வழியாகவோ தொடர்புகொள்கின்றன. அச்சத்தில் உறைந்து நிற்பது, இதயத்துடிப்பு மாறுவது போன்றவற்றில் சிறுமூளையின் நடுக்கோட்டுப் பகுதியான வெர்மிஸுக்குத் தொடர்பு உண்டு என்பதை விலங்காய்வுகள் காட்டியிருக்கின்றன.

மனிதர்களைப் பொறுத்தவரை, 1998-இல் நரம்பியல் மருத்துவர் ஜெரமி ஷ்மாமன், நரம்பு உளவியலாளர் ஜேனட் ஷெர்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒரு திருப்புமுனை. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் திட்டமிடுதல், மொழி ஆகியவற்றில் குறைபாடுகளோடு, உணர்ச்சி மழுங்குதல், கட்டுப்பாடற்ற நடத்தை ஆகியவையும் தென்பட்டதை அவர்கள் பதிவுசெய்தார்கள். இதை வைத்துப் பதற்றமெல்லாம் சிறுமூளைக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. அது பல பகுதிகள் சேர்ந்த சுற்றின் ஓர் அங்கம் மட்டுமே. ஸ்கேன் எடுத்துப் பதற்றநோயை உறுதிசெய்யவும் இயலாது. (அப்படி உறுதியளிக்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.)

நடைமுறையில் நான் அதிகம் கவலைப்படுவது தூக்க, அமைதி மாத்திரைகளைப் பற்றித்தான். பென்சோடயசிபின் வகை மருந்துகளும் மதுவும் காபா என்னும் அடக்கும் வேதிப்பொருளின் விளைவைக் கூட்டுகின்றன. சிறுமூளையோ காபாவை நம்பியே இயங்குவது. எனவே பயம் சற்றுத் தணியும்போதே நடை தளர்கிறது. நடை தளர்ந்ததும் விழுந்துவிடுவோமோ என்ற பயம் மீண்டும் எழுகிறது. அந்தப் பயத்துக்கு நோயாளி இன்னொரு மாத்திரை போடுகிறார். நீண்டநாள் எடுத்துவருபவர் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு வரக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, நிற்கும்போதும் நடக்கும்போதும், கண்முன் காட்சிகள் நகரும்போதும் கூடும் தள்ளாட்ட உணர்வுக்கென ஒரு தனி நோய்க்கூறே வரையறுக்கப்பட்டுள்ளது. அதற்குச் சமநிலைப் பயிற்சி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பரிந்துரைக்கிறோம். பயந்து வீட்டுக்குள்ளேயே முடங்கினால் மூளைக்குத் தன் கணிப்பைத் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது என்பதால், மெல்ல மெல்ல நடக்க வைப்பதையே முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆனால் தள்ளாட்டம் திடீரென்று தொடங்கி, கூடவே வாய் குழறல், இரட்டைப் பார்வை, கடுந்தலைவலி, ஒரு பக்கம் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், அதைப் பதற்றம் என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.