சிறுவர் பேஸ்பால்: முதலுதவிப் பெட்டிக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கும் உதவிக்கு வரும் பெற்றோருக்கும் முதலுதவி வகுப்பு எடுக்கும்போது அநேகமாக முதலில் வரும் கேள்வி, "பெட்டியில் என்னென்ன வைக்கணும் டாக்டர்?" என்பதுதான். கையுறை, காஸ் துணி, பேண்டேஜ், முக்கோணக் கட்டுத்துணி, ஐஸ் பை. இந்தப் பட்டியல் அதோடு முடிந்துவிடும். நான் திருப்பிக் கேட்பது வேறு. ஒரு பையன் மைதானத்தில் சுருண்டு விழுந்தால் ஆம்புலன்ஸுக்கு போன் செய்வது யார்? அது எந்த கேட் வழியாக உள்ளே வரும், அந்தப் பூட்டின் சாவி யாரிடம்? நின்றுபோன இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் ஏஇடி கருவி எந்த அறையில் இருக்கிறது, அந்த அறை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? இதற்கெல்லாம் ஆள் பெயரோடு பதில் வருவது அபூர்வம்.

பேஸ்பாலில் ஒருவர்மேல் ஒருவர் மோதுவது குறைவு. அதனால் பிள்ளைக்கு ஆபத்தில்லாத ஆட்டம் என்று பெற்றோர் நம்பிச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். சிராய்ப்பு, சுளுக்கு, வீங்கிய விரல், இவைதான் அதிகம் வரும். ஆனால் பந்து சுமார் 145 கிராம் எடையுள்ள கெட்டியான பொருள். அது எங்கே படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

நான் அதிக நேரம் பேசுவது நெஞ்சில் படும் அடியைப் பற்றி. இதயத்துடிப்பின் சுழற்சியில் மிகக் குறுகிய ஒரு இடைவெளி உண்டு, சில பத்து மில்லி விநாடிதான். சரியாக அந்த நேரத்தில் இதயத்துக்கு நேர் மேலே பந்து பட்டால், இதயத்தின் மின் ஒழுங்கு கலைந்து, அது துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். கமோஷியோ கார்டிஸ் என்று இதற்குப் பெயர். விலா எலும்பு முறிந்திருக்காது. இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. சிறுவர்களின் நெஞ்சுக்கூடு வளைந்து கொடுக்கும் என்பதால் அடி உள்ளே வரை போகிறது. பந்து அசுர வேகத்தில் வர வேண்டியதும் இல்லை: விலங்குகளில் செய்த சோதனைகளில் மிக ஆபத்தானதாகத் தெரிந்தது மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் வேகம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சாதாரண வீச்சு.

இது அரிதுதான், பயமுறுத்தச் சொல்லவில்லை. அரிதான இந்த நிலையில் பிழைப்பதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் மைதானத்தில் நிற்பவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன். அடிபட்ட பிள்ளை ஓரிரண்டு அடி நடக்கலாம், பந்தைக் குனிந்து எடுக்கக்கூடச் செய்யலாம், அப்புறம் விழும். பக்கத்தில் ஒருவர், "ஒண்ணுமில்ல, மூச்சு அடைச்சுக்கிச்சு, கொஞ்ச நேரம் விடுங்க" என்பார். மூச்சு அடைத்த பிள்ளை விழித்திருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளியும், நம்மைப் பார்க்கும். இதயம் நின்ற பிள்ளை கூப்பிட்டால் பதில் சொல்லாது. விட்டுவிட்டு ஒரு விக்கல் மாதிரி மூச்சு வரலாம், கை கால் லேசாக வெட்டலாம். அதை மூச்சு இருக்கிறது என்றோ வலிப்பு என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதிலும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் உடனே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி. ஒருவர் நெஞ்சின் நடுவில் சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒருவர் போன் செய்ய, ஒருவர் ஏஇடி எடுக்க ஓட வேண்டும். கருவி வந்ததும் நெஞ்சுக் கவசத்தைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, கருவியின் பட்டைகளை ஒட்ட வேண்டும். மீதியைக் கருவியே குரலில் சொல்லும். தேவையில்லாத இடத்தில் அது ஷாக் கொடுக்காது, அதனால் 'தப்பாகப் போய்விடுமோ' என்ற தயக்கமே வேண்டாம். எட்டு வயதுக்குக் கீழே சிறுவர் பட்டை நல்லது. அது இல்லையென்றால் பெரியவர்களுக்கானதே போதும், ஒன்று நெஞ்சில், இன்னொன்று முதுகில். சிபிஆரும் இல்லாமல் ஷாக்கும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. சாவி யாரிடம் என்று நச்சரிப்பது இதனால்தான்.

கேட்சரின், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவரின், நெஞ்சுக் கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கவசங்கள் சதையையும் எலும்பையும் காத்தன, இந்த ஆபத்தைத் தடுக்கும் என்று சோதிக்கப்பட்டவை அல்ல. இப்போது அமெரிக்காவில் விளையாட்டுக் கவசங்களுக்குத் தரம் வகுக்கும் நாக்சே (NOCSAE) அமைப்பு இதற்கென்றே ஒரு தரம் வகுத்திருக்கிறது. வாங்கும்போது அந்த முத்திரையைப் பாருங்கள். ஆபத்து குறையும், அடியோடு போய்விடாது. சின்னப் பிள்ளைகளுக்கு மென்மையான பயிற்சிப் பந்து இன்னொரு நல்ல வழி.

அடுத்து தலை. மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் மயங்குவதே இல்லை. ஸ்கோரை மறப்பது, கேட்டதையே கேட்பது, தப்பான பேஸை (ஓடித் தொட வேண்டிய தளத்தை) நோக்கி ஓடுவது, "ஏதோ மாதிரி இருக்கு" என்பது, இவைதான் அடையாளம். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பதால் ஒன்றும் தெரியாது. சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் அந்தப் பிள்ளைக்கு முடிந்தது. இறுதிப் போட்டியாக இருந்தாலும்தான். 2009-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது: சந்தேகம் இருந்தால் வெளியே, உரிமம் பெற்ற மருத்துவத் துறையினர் ஒருவரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது. அடுத்த சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்றின. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது, எழுப்ப முடியாத தூக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டுக்கு அல்ல, நேரே அவசரப் பிரிவுக்கு. கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள்.

ஆனால் கிளினிக்கில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டும் இல்லை. முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று வரும் பிட்சர்கள்தான், அதாவது பேட்டருக்குப் பந்து வீசுபவர்கள். வளரும் எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, தசைநாரைவிட பலவீனமானது. ஒவ்வொரு வீச்சும் அதை இழுக்கிறது. சிறுவர் பேஸ்பாலை நடத்தும் அமெரிக்காவின் லிட்டில் லீக் அமைப்பு 2007-ல் இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டு வீச்சு எண்ணிக்கைக்கு மாறியது: ஒரு நாளைக்கு 9–10 வயதுக்கு 75, 11–12 வயதுக்கு 85. 14 வயது வரை உள்ளவர் ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு. நல்ல விதி. ஓட்டை எங்கே என்றால், பிள்ளை இரண்டு அணியில் ஆடுகிறான், இரண்டு கோச்சும் தங்கள் கணக்கை மட்டும் எண்ணுகிறார்கள். கூட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லை. வீட்டில் அப்பாவோடு வீசியது எந்தக் கணக்கிலும் வராது. பிட்ச் செய்து முடித்தவனைக் கேட்சராக நிறுத்துவதும் அந்தக் கைக்கு ஓய்வு ஆகாது. வலி மாத்திரை கொடுத்து அடுத்த ஆட்டத்தில் இறக்குவதைப் பற்றி எனக்கு மரியாதையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கை சோர்ந்துவிட்டது என்று பிள்ளை சொன்னால் எண்ணிக்கை மிச்சமிருந்தாலும் எடுத்துவிடுங்கள். பந்து மேலே மேலே போவது, முழங்கை தாழ்வது, ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே நேரம் இழுப்பது, இதெல்லாம் அவன் வாயால் சொல்லாத சோர்வு.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். நிரந்தரப் பல் விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாகக் கழுவி, அதே குழியில் வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள். பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. கண்ணில் அடிபட்டால் அழுத்தவோ ஐஸ் பையை அமுக்கவோ கூடாது. வெயிலில் ஒரு பிள்ளை குழப்பமாகப் பேசினால் அது வெப்பத் தாக்கு: ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை உட்கார வையுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் அனுப்புவது. இடி கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். டக்அவுட் (ஆட்டக்காரர்கள் உட்காரும் மைதான ஓரக் கொட்டகை) மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை, மூடிய கட்டிடமோ காரோதான்.

பிறகு மட்டை. ஆட்டத்தின்போது எல்லாரும் கவனமாக இருப்பார்கள். பயிற்சி முடிந்து பொருள்களை எடுத்துவைக்கும் நேரத்தில்தான் ஒரு பிள்ளை சும்மா மட்டையைச் சுழற்றும், பின்னால் இன்னொரு பிள்ளையின் முகம் இருக்கும். பந்தை அடிப்பதற்காக பேட்டர் கட்டத்துக்குள் நிற்பவர் கையில் மட்டும் மட்டை, மற்றதெல்லாம் ரேக்கில், யாருக்கும் விதிவிலக்கு இல்லை. இதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு தன்னார்வலரை நிறுத்தலாம்.

சீசன் தொடங்கும் முன் ஒரு மாலை போதும். ஒரு பையைத் தரையில் போட்டு, அதுதான் விழுந்த பிள்ளை என்று வைத்துக்கொண்டு, ஏஇடியை எடுத்து வரச் சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் கருவி இருக்கும் இடத்தை மாற்றுங்கள். அன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வாமை, ஆஸ்துமா, இன்ஹேலர் எந்தப் பையில், பெற்றோர் எண், எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கி, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் அந்த போன்காரர் வராத அன்று யாருக்கும் கிடைக்காது.